8255 போர்டில் 2716 ஈப்ராம் சிப்பை எழுதும்போது இரண்டாவது பைட்டிலேயே நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய வீட்டுக் கணினியின் எட்ஜ் கனெக்டரில் மாட்டுகிற மாதிரி ஒரு ஈப்ராம் (புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்) எழுதும் போர்டு ஒயர் செய்திருக்கிறேன். மெஷினின் அட்ரஸ் லைன்களான ஏ5, ஏ6 இரண்டும் 8255-இன் (ஏ, பி, சி என மூன்று போர்ட் உள்ள உள்ளீடு-வெளியீடு சிப்) ஏ0, ஏ1-க்குப் போகின்றன, ஏ7-ம் ஐஓஆர்க்யூ-வும் (உள்ளீடு-வெளியீடு கோரும் சிக்னல்) ஒரு ஓஆர் கேட் வழியாக சிஎஸ்-க்கு, அதாவது சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்னுக்கு. ஆகவே போர்ட் ஏ 31, பி 63, சி 95, கண்ட்ரோல் 127. ஏ-யில் டேட்டா, பி-யில் கீழ் எட்டு அட்ரஸ் பிட், போர்ட் சி-யின் பிசி0 முதல் பிசி2 வரை மேல் மூன்று அட்ரஸ் பிட். பிசி4 சிப்பின் பின் 18-க்கு, அதாவது எழுதும் பல்ஸ். பிசி5 பின் 20-க்கு, ஓஇ, அதாவது 0 ஆனால் சிப் தன் டேட்டாவை வெளியே விடும் பின். பிசி6 டிரான்சிஸ்டர் வழியாகப் பின் 21-க்கு 25 வோல்ட்டைத் திறந்துவிடும்.

சோதனைக்கு மெஷினின் சொந்த ரோமின் (ROM), அதாவது படிக்க மட்டுமேயான நினைவகத்தின், முதல் 2048 பைட்டை நகலெடுக்கிறேன். ஒவ்வொரு பைட்டையும் எழுதியதும் கண்ட்ரோலுக்கு 144 அனுப்பி, போர்ட் ஏ-யை உள்ளீடாக்கித் திரும்பப் படிக்கிறேன். அட்ரஸ் 0-வில் 243, சரி. அட்ரஸ் 1-இல் 175 வரவேண்டும், மறுபடியும் 243 தான் வருகிறது. மூன்று சிப் மாற்றிவிட்டேன். பின் 21-இல் 24.8 வோல்ட் இருக்கிறது. இரண்டு நாளாக இதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 1:
சிப்பின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது? டிஎம்எஸ்2716 என்றால் அது +5, -5, +12 மூன்றும் கேட்கிற வேறு சிப், இந்த ஒயரிங்கில் வேலை செய்யாது. அப்புறம் பல்ஸை எப்படி அளக்கிறீர்கள்? பேசிக் மொழியில் பாஸ் (PAUSE) கட்டளை போட்டால் 20 மில்லிசெகண்ட் படியாகத்தான் நகரும், நடுவில் யாராவது கீயை அழுத்தினால் பாஸ் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
இன்டெல் டி2716 தான். பல்ஸ் மெஷின் கோடில், இன்டரப்டை நிறுத்தி, வீடியோ சிப் குறுக்கிட்டு வேகத்தைக் குறைக்காத, 32768-க்கு மேலுள்ள நினைவகத்தில் வைத்து ஓட்டுகிறேன். 3.5 மெகாஹெர்ட்ஸில் 1,75,000 டி-ஸ்டேட் (பிராசசரின் கடிகாரத் துடிப்பு), 50 மில்லிசெகண்ட்.

பதில் 2:
சிப்பில் குறையே இல்லை என்று நினைக்கிறேன். 8255-க்கு மோட் வார்த்தை (எந்தப் போர்ட் உள்ளீடு, எது வெளியீடு என்று சொல்லும் கண்ட்ரோல் எண்) எழுதினால், வெளியீட்டு மதிப்பைப் பிடித்து வைக்கும் லாட்ச்கள் எல்லாம் 0 ஆகிவிடும். நீங்கள் 144 அனுப்பிய அந்த நொடியில் பி-யும் சி-யும் சுத்தமாகத் துடைக்கப்படுகின்றன, ஆகவே நீங்கள் எந்த அட்ரஸை எழுதியிருந்தாலும் படிப்பது அட்ரஸ் 0-வைத்தான். ஓஇ-யும் 0 ஆவதால் சிப் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, அதனால்தான் இது இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது. உறுதி செய்ய, முதலில் 144 அனுப்பிவிட்டு அதற்குப் பிறகு அட்ரஸ் வைத்து அந்தப் பழைய சிப்களைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூன்றிலுமே 243, 175, அப்புறம் எல்லாம் 255, அதாவது எழுதாத காலி இடம்! எழுதியது சரியாகவே எழுதியிருக்கிறது.

பதில் 2:
நல்லது. ஆனால் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். மறுபடி எழுதுவதற்கு 128 அனுப்பும்போதும் இதேதான் நடக்கும்: போர்ட் ஏ வெளியீடாகிறது, பிசி5 0 ஆகிறது, சிப்பும் 8255-உம் ஒரே டேட்டா லைனில் மோதிக்கொள்கின்றன. பிசி5-க்கும் பின் 20-க்கும் நடுவில் ஒரு இன்வெர்ட்டர் (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் கேட்) வையுங்கள். பல்ஸும் 25 வோல்ட்டும் ஏற்கெனவே 0-வில் அணைந்துதான் இருக்கின்றன, இப்போது ஓஇ-யும் சேர்ந்தால் போர்ட் சி முழுக்க 0 என்பதே பாதுகாப்பான நிலை. பவர் போட்டதும் 8255 போர்ட்கள் உள்ளீடாகத் தொங்கும், அதனால் பின் 18-இலும் டிரான்சிஸ்டர் பேஸிலும் தலா ஒரு 10கே ரெசிஸ்டர் வைத்துத் தரைக்கு (கிரவுண்டுக்கு) இழுத்துவிடுங்கள். பைட்டுக்குப் பைட் திருப்பிப் படிப்பதையும் விடலாம். 2048 பைட்டையும் எழுதி முடிக்க 102 செகண்டுதான், அப்புறம் ஒரே தடவை 144 போட்டு முழுவதையும் ஒப்பிடுங்கள்.

பதில் 1:
பின் 21-க்கும் தரைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருக்கிறதா? 26.5 வோல்ட்டைத் தாண்டி ஒரு துள்ளல் போனாலும் சிப் போய்விடும், மல்டிமீட்டர் அதைக் காட்டாது. 25 வோல்ட் இருக்கும்போது சாக்கெட்டிலிருந்து சிப்பை எடுக்கவே கூடாது. பின்னால் 2732ஏ ஈப்ராமை எழுத ஆசைப்பட்டால் அதற்கு 21 வோல்ட் தான், அப்படியே மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
கண்டென்சர் இல்லை, இப்போது போட்டுவிட்டேன். இன்வெர்ட்டர், இரண்டு ரெசிஸ்டர் எல்லாம் வைத்து நேற்று இரவு ஓட்டினேன். 2048-உம் பொருந்துகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. அந்த மூன்று சிப்பையும் புற ஊதா விளக்கில் வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை, முதல் இரண்டு பைட்டும் சரியாகவே இருந்ததால் அதன் மேலேயே எழுதிவிட்டேன்.