செம்புத் தளிரும் கம்பி தூக்கிய காக்கையும்

தங்கை (காலை 7.05): இன்று நடந்து வரும்போது, தெருமுனையில் இருக்கும் அரசமரத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சென்ற வாரம் மொட்டையாக இருந்த மரம் இன்று உச்சி முதல் தாழ்ந்த கிளை வரை செம்பு நிறமாக மாறியிருக்கிறது. ஏதேனும் நோயாக இருக்குமோ, பெரியப்பா?

பெரியப்பா (7.12): நோய் ஒன்றும் இல்லை, அம்மா. பச்சையம் இன்னும் முழுமையாகச் சேராத இளந்தளிரில் ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி மிகுந்திருக்கும். கடும் வெயில் அந்த மெல்லிய தளிரைக் கருக்கிவிடாதபடி அது திரைபோல் காக்கிறது என்று தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். தளிர் முற்ற முற்றச் சிவப்பு மங்கிவிடும். தொட்டுப் பார்த்தாயா?

தங்கை (7.15): பார்த்தேன். நனைந்த பட்டுத்துணியைப் போல் துவண்டிருந்தது. நுனியில் நீண்டிருக்கும் வால் மட்டும் இப்போதே முழு இலைக்கு உரியதைப் போல் கூராக இருக்கிறது.

பெரியப்பா (7.17): மழைநீர் இலையில் தங்காமல் வழிந்தோட அந்த வால் உதவும்.

அத்தை (7.31): அதே மரத்தில் ஒரு காக்கை கூடு கட்டுவதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லையா? நேற்று அது துணி மாட்டும் கம்பி ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு, கிளைகளுக்கு இடையே நுழைய முடியாமல் மூன்று முறை கீழே போட்டு, மூன்று முறையும் இறங்கி எடுத்துச் சென்றது. நான் பால் வாங்க வந்ததையே மறந்துவிட்டேன்.

அண்ணன் (7.40): விடியற்காலை நான்கு மணிக்கே கூவி என் தூக்கத்தைக் கெடுக்கும் குயிலும் அங்கேதான் இருக்கிறது, அத்தை. அதற்கு இவ்வளவு இனிய குரல் இருந்து என்ன பயன்?

அத்தை (7.46): உன்னை எழுப்புவது ஆண்குயில். உடல் முழுவதும் கருப்பாக இருக்கும் அதுதான் "குக்கூ" என்று கூவும்; புள்ளிகள் நிறைந்த பழுப்புநிறப் பெண்குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடுவதால், இவ்வளவு பாடுபட்டுக் கம்பி சுமந்த காக்கை கடைசியில் குயில் குஞ்சுக்கும் சேர்த்து இரை தேடும்.

தங்கை (7.50): பாவம் அந்தக் காக்கை! நாளை கூட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா (7.52): எடு, ஆனால் மரத்தடியில் நிற்காதே. முட்டையிட்ட காக்கை சென்ற ஆண்டு என் வழுக்கைத் தலையில் இரண்டு முறை கொத்தியது. அன்று முதல் நான் எதிர்ப்புறமாகவே நடக்கிறேன்.