உதவி: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், ஏ, டி, சி, எச் இருக்கிறது. மிக அவசரம்

குறிஞ்சி:
வணக்கம். சொல் விளையாட்டு ஒன்றுக்கு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று வேண்டும். ஏ, டி, சி, எச் நான்கும் அதில் உண்டு. மூன்று வாய்ப்புகள்தாம் மிச்சம். நள்ளிரவுக்குள் முடிக்காவிட்டால் பல மாதமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் வெற்றித் தொடர் அறுந்துவிடும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சதுரம்64:
எந்த விளையாட்டு? தினமும் ஒரு மறைசொல்லை ஊகிக்கும் வேர்டிலா, வேறு ஏதாவதா? எழுத்துகளின் இடம் தெரியுமா, உண்டு என்று மட்டும் தெரியுமா? டி என்றால் டிக்கெட் டியா, டாக்டர் டியா? இதுவரை போட்ட சொற்களையும் எழுதுங்கள்.

வாசல்படி:
டிக்கெட் டி என்று வைத்துக்கொண்டால் டீச், சீட் (ஏமாற்று), சார்ட், சான்ட் (ஓது), யாட் (படகு) எல்லாமே பொருந்தும். இடம் தெரியாமல் பட்டியல் போட்டால் விடிந்துவிடும்.

பழையவன்:
புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பாதிக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். இந்த விளையாட்டு வந்த நாளிலிருந்து ஒரே விஷயத்தைச் சொல்லிவருகிறேன்: முதலில் உயிரெழுத்துகளைத் தீர்க்க வேண்டும். 'அடியூ' (ஏ-டி-ஐ-இ-யு, டாக்டர் டி) என்று தொடங்கினால் ஏ, ஐ, இ, யு நான்கும் ஒரே வரியில் தெரிந்துவிடும். தம்பி அடிப்படையைக் கற்றுக்கொண்டு ஆடட்டும்.

குறிஞ்சி:
வேர்டில்தான். டிக்கெட் டி. முதல் எழுத்தைத் தவிர நான்கும் பச்சை, அதாவது இடமும் சரி: ஏ-டி-சி-எச் என்று முடிகிறது. முன்னால் எம் வருமா, பி வருமா என்று தெரியவில்லை. பேட்ச் போட்டுப் பார்க்கட்டுமா? நான் தம்பி இல்லை ஐயா, தங்கை.

ஆங்கில வகுப்பு:
எந்த பேட்ச் அம்மா? பஸ் பியா, பென்சில் பியா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எதையும் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். இந்த முடிவுக்குப் பழக்கமான ஏழு சொற்கள் உண்டு: பஸ் பியில் பேட்ச், கேட்ச், ஹேட்ச், லேட்ச், மேட்ச், பென்சில் பியில் பேட்ச், வாட்ச். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் மூன்று வாய்ப்பில் மூன்றுதான் முடியும். விடை அதுவல்ல என்று தெரிந்தே ஒரு சொல்லைப் போட வேண்டும். என் பரிந்துரை 'கிளைம்': சி-எல்-ஐ-எம்-பி. நான்கு முதலெழுத்துகளை ஒரே வரியில் சோதித்துவிடும்.

சதுரம்64:
வழி சரி. ஆனால் கடின நிலை இயக்கத்தில் இருந்தால் கிளைமை ஏற்காது. அந்த நிலையில் பச்சை எழுத்தை அதே இடத்தில் வைத்தே ஆக வேண்டும். குறிஞ்சி, கடின நிலையா? முன்பு போட்ட மூன்று சொற்கள் என்ன? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

பழையவன் ஐயாவுக்கு: இங்கே உயிரெழுத்து சிக்கலே இல்லை, ஏ எப்போதோ கிடைத்துவிட்டது. மாட்டிக்கொண்டிருப்பது மெய்யெழுத்தில். அடியூ நான்கு உயிர்களைக் காட்டும், அதற்குப் பின் எல்லா மெய்களும் அப்படியே நிற்கும். வேர்டிலை நடத்தும் நியூயார்க் டைம்ஸின் அலசல் கருவியான வேர்டில்பாட் 2022இல் வந்தபோதும் 'கிரேன்' என்றுதான் தொடங்கச் சொன்னது.

பழையவன்:
கருவி சொல்கிறது என்று ஆடுவது ஆட்டமா? ஆங்கிலச் சொல்வளம் நமக்குள் இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அகராதியைப் புரட்டித்தான் குறுக்கெழுத்தே போட்டோம்.

வாசல்படி:
சொல்வளம் இருந்தும் தோற்கிறோமே ஐயா. 2022 ஜனவரியில் விடை 'ஃபேவர்', பிப்ரவரியில் 'ஹ்யூமர்'. நம் பள்ளிப் புத்தகத்தில் இரண்டிலும் யு உண்டு, ஆறு எழுத்து. ஐந்தில் அடங்கும் என்று எப்படித் தோன்றும்? இதை உருவாக்கிய ஜாஷ் வார்டில் வேல்ஸில் பிறந்தவர், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் அறியாதவரா?

ஆங்கில வகுப்பு:
அவருடைய துணைவி பலக் ஷாதான் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து தமக்குத் தெரிந்தவற்றைப் பொறுக்கி, 2,500 அளவுக்குக் குறைத்துக் கொடுத்தார். அப்போது அவர்கள் வாழ்ந்தது அமெரிக்காவில். பட்டியலிலும் அந்த ஊர் வழக்கம் வரத்தானே செய்யும்?

வாசல்படி:
உலகம் முழுக்க ஆடும் ஆட்டத்துக்கு ஒரு நாட்டு எழுத்துக்கூட்டல் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு வழக்கிலும் ஒன்றுபோல் எழுதப்படும் சொற்களை மட்டும் விடையாக வைத்திருக்கலாம்.

பழையவன்:
எஸ் போட்ட பன்மைகளை நீக்கியது போல இதையும் நீக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஆடுவதற்குச் சொல்லே மிஞ்சாது.

குறிஞ்சி:
கிரேன், யாட், லேட்ச். கடின நிலை இல்லை. நேரம் ஆகிறது.

சதுரம்64:
இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிரேனில் முதலில் இருக்கும் சி மஞ்சளாகத்தான், அதாவது சொல்லில் உண்டு ஆனால் இடம் வேறு என்றுதான், வந்திருக்கும். முதலெழுத்து சி என்றால் பச்சை வந்திருக்க வேண்டும். ஆகவே கேட்ச் கழிந்தது. லேட்சை நீங்களே போட்டுவிட்டீர்கள். மிச்சம் ஐந்து: இரண்டு பேட்ச், ஹேட்ச், மேட்ச், வாட்ச்.

கிளைம் இப்போது வேண்டாம். சியும் எல்லும் செத்துவிட்டதால் எம், பஸ் பி இரண்டை மட்டுமே அது சோதிக்கும். 'விம்பி' போடுங்கள்: டபிள்யூ-ஐ-எம்-பி-வொய், பென்சில் பி. டபிள்யூ பச்சையானால் வாட்ச். எம் மஞ்சளானால் மேட்ச். பி மஞ்சளானால் பென்சில் பி பேட்ச். மூன்றும் சாம்பல், அதாவது சொல்லிலேயே இல்லை என்றால் ஹேட்சும் பஸ் பி பேட்சும்தான் பாக்கி, வாய்ப்பும் இரண்டு பாக்கி. எப்படிப் பார்த்தாலும் முடிந்துவிடும்.

எச்சைச் சோதிக்க முயலாதீர்கள். சொல்லின் கடைசியில் ஓர் எச் உறுதியாக இருக்கிறது. நடுவில் ஓர் எச் வைத்தால், முதலெழுத்து எதுவானாலும் அது மஞ்சள்தான் காட்டும்.

ஆங்கில வகுப்பு:
அருமை. முன்னைய சொற்கள் தெரியாமல் நான் கிளைமைச் சொன்னேன். குறிஞ்சி, விம்பியையே போடுங்கள்.

பழையவன்:
அடியூவில் தொடங்கியிருந்தால் இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியதில்லை.

சதுரம்64:
அடியூவில் தொடங்கியிருந்தாலும் ஏ மஞ்சள், மற்ற நான்கும் சாம்பல் ஐயா. அப்போதும் இந்த ஏழு சொற்களும் அப்படியே நின்றிருக்கும்.

குறிஞ்சி:
விம்பி போட்டேன். எம் மஞ்சள். மேட்ச்! நன்றி.

ஸ்கார்பரோ வாசி:
இன்றைய விடையையா எழுதியிருக்கிறீர்கள்? எல்லா நாட்டுக்கும் ஒரே சொல்தானே! இங்கே பகல், நான் இன்னும் தொடங்கவே இல்லை. தலைப்பிலேயே எச்சரிக்கை போட வேண்டாமா?

சதுரம்64:
நியாயமான பேச்சு. குறிஞ்சி, தலைப்பைத் திருத்த உங்களால்தான் முடியும். இன்னும் இருக்கிறீர்களா?

வாசல்படி:
குறிஞ்சி வரும்வரை, ஃபேவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.