7075 அலுமினிய உலோகக்கலவைல பிரெசிபிடேட் (உள்ள உருவாகுற நுண்துகள்) சைஸ்: டெம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) 2 நானோ, சாக்ஸ் (சிறுகோண எக்ஸ்ரே சிதறல்) 3 நானோ, எதை நம்புறது?

அலுமினியப்பித்தன்: வணக்கம் மக்களே, 7075 ஷீட்டை க்வென்ச் பண்ணி (சூட்டுல இருந்து சட்டுனு குளிர வச்சு) 120 டிகிரில 24 மணி நேரம் ஏஜிங் வச்சேன். டெம் படத்துல எண்ணினா துகளோட ஆரம் சராசரி 2 நானோமீட்டர் வருது, ஆனா லேப் சாக்ஸ்ல கினியர் பிளாட் (சின்ன கோண சிதறல்ல இருந்து துகள் சைஸ் எடுக்குற வரைபடம்) போட்டா ஆர்ஜி (சுழல் ஆரம்) 2.3, கோளம்னு வச்சு 1.29-ஆல பெருக்கினா 3 கிட்ட போயிடுது. கைடு டெம்மைத்தான் நம்புறார். எங்க தப்பு?

நியூட்ரான்மாமா: தப்பே இல்லாமலும் இப்படி வரும் தம்பி, ரெண்டும் வேற வேற சராசரி. டெம்ல துகளுக்கு ஒரு ஓட்டு, சிதறல்ல ஒவ்வொரு துகளோட சிக்னலும் அதோட கன அளவு வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும், ஆரம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64 மடங்கு, அதனால கொஞ்சமே இருக்கற பெரிய துகளுங்கதான் கர்வை இழுத்துட்டுப் போகும். லாக்நார்மல் பரவல்ல (பெரிய சைஸ் பக்கம் வால் நீண்ட பரவல்) சிக்மா, அதாவது பரவலோட அகலம், 0.2 இருந்தாலே கினியர் ஆரம் மீடியனைவிட (நடு மதிப்பைவிட) 30% சொச்சம் கூட வரும், 0.24-ன்னா உன்னோட 3 அப்படியே வந்துரும். டெம் ஹிஸ்டோகிராம்ல இருந்து சிதறல் கர்வைக் கணக்கு போட்டு டேட்டா மேல வச்சுப் பாரு. க்யூ (சிதறல் கோணத்தைக் குறிக்கிற அளவு) பெருக்கல் ஆர்ஜி 1.3-க்குள்ளதான ஃபிட் பண்ணின?

பீம்டைம்பிச்சை: தடிமன் எவ்ளோ ப்ரோ? காப்பர் கே ஆல்ஃபா எக்ஸ்ரேன்னா சுத்த அலுமினியத்துலயே 75 மைக்ரான் தாண்டுறதுக்குள்ள பீம்ல முக்கால்வாசி இல்லேன்னாலும் மூணுல ரெண்டு பங்கு போயிடும், இதுல ஜிங்க் வேற இருக்கு. மெலிசா தேய்ச்சு நல்லா பாலிஷ் போடுங்க, கீறல் இருந்தா சின்ன க்யூல மேல ஏறும், அதையும் துகள்னு ஃபிட் பண்ணிடுவீங்க. எக்ஸ்ரேக்கு பதிலா நியூட்ரான் சிதறல்னா மில்லிமீட்டர் கணக்குல தடிமனா வைக்கலாம், மும்பை டிராம்பே துருவா ரியாக்டர்ல சான்ஸ் இருக்கு. அலைநீளம் மட்டும் 4.7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல கேளுங்க, இல்லேன்னா ரெட்டை பிராக் சிதறல் (படிகத் தளங்கள்ல ரெண்டு தடவை பட்டு வர்றது) வந்து படுத்தும்.

அலுமினியப்பித்தன்: 1.3-க்குள்ளதான் மாமா. 60 மைக்ரான் ப்ரோ, பாலிஷ் சுமார்தான் 😅 இன்வேரியன்ட்ல (மொத்த சிதறல் அளவுல) இருந்து துகளோட கன அளவு பின்னம் எடுத்துடலாமா?

நியூட்ரான்மாமா: எடுக்கலாம், ஆனா அதுல பின்னமும் கான்ட்ராஸ்டோட (துகளுக்கும் சுத்தி இருக்கற அலுமினியத்துக்கும் உள்ள எலக்ட்ரான் அடர்த்தி வித்தியாசத்தோட) வர்க்கமும் ஒட்டிக்கிட்டுதான் வரும். துகளை சுத்தமான மெக்னீசியம் ஜிங்க்-2-ன்னு வச்சா பின்னம் குறைச்சலா வரும், ஏன்னா ஆரம்பகட்ட துகள்ல அலுமினியம் நிறைய கலந்திருக்கும். ஆட்டம் ப்ரோப்ல (அணு அணுவா எண்ணிப் பாக்குற கருவி) துகளோட கலவை தெரிஞ்சா போடு, தெரியலன்னா பேப்பர்ல அனுமானத்தை எழுதிட்டுப் போடு.

ராத்திரிடெக்னீஷியன்: இதைப் பாத்துட்டு யாரும் 6061-ஐ (மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த அலுமினியம்) சாக்ஸ்ல தூக்கிட்டு வராதீங்க சாமி. அணு எண் மெக்னீசியம் 12, அலுமினியம் 13, சிலிக்கான் 14, எக்ஸ்ரேக்கு மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.