ஜூரிஸ்டிக்ஷன்: உறுப்பினர் ஒப்பந்தத்துக்கு ஒரு சொல் போதாது

வணக்கம்.

ஜூரிஸ்டிக்ஷனுக்குத் தமிழில் 'அதிகார வரம்பு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை, நீதிமன்றச் செய்திகளில் பழகிய சொல்தான். இலங்கையில் 'நியாயாதிக்கம்' என்கிறார்கள், அதுவும் நல்ல சொல். ஆனால் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) அமைப்பில் சேருபவர்கள் கையெழுத்திடும் உறுப்பினர் ஒப்பந்தத்தில் உட்கார்ந்தால் இரண்டுமே இடிக்கின்றன. அங்கே ஜூரிஸ்டிக்ஷன் என்ற ஒரே சொல்லைப் போட்டு மூன்று தனித்தனி முடிவுகளைப் பேசுகிறார்கள்.

முதலாவது, அமைப்பு எங்கே பதிவாகியிருக்கிறது என்பது. சில்லு வடிவமைப்புக்கான ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு 2020இல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனதும், திறமூல மென்பொருளுக்கான எக்லிப்ஸ் அறக்கட்டளை 2021இல் பெல்ஜியத்துக்குப் போனதும் இந்த வகை. 'பதிவு நாடு' என்று சொல்லத் தோன்றும், ஆனால் இன்னொரு திறமூல அமைப்பான அப்பாச்சி அறக்கட்டளை பதிவானது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆகவே 'பதிவிடம்'.

அடுத்தது எந்தச் சட்டப்படி ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்வது. 'ஆளும் சட்டம்' வேண்டவே வேண்டாம், ஆளும் கட்சி கொண்டுவந்த சட்டம் மாதிரி இருக்கிறது. 'பொருந்தும் சட்டம்' போதும். இது சும்மா கடைசிப் பக்கத்து வரிதானே என்று நினைத்தால், பைத்தான் நிரல்மொழியின் 1.6 பதிப்பு உரிமத்தைப் பாருங்கள்: வர்ஜீனியா மாநிலச் சட்டம் பொருந்தும் என்று அதில் இருந்ததாலேயே அது ஜிபிஎல் என்ற பொது உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொல்லிவிட்டது, பிறகு உரிமத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

மூன்றாவது, வழக்கை எங்கே போடுவது. 'வழக்காடு மன்றம்' என்றால் பட்டிமன்ற மேடைதான் நினைவுக்கு வரும், அதனால் 'வழக்கிடம்' என்கிறேன். பொருந்தும் சட்டமும் வழக்கிடமும் ஒரே ஊராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் உண்டு. இரண்டுக்கும் 'அதிகார வரம்பு' என்றே எழுதினால் படிப்பவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போடுவார். மொசில்லா பொது உரிமம் 2.0 இந்த இரண்டையும் பிரதிவாதி (யார்மீது வழக்கோ அவர்) முதன்மையாகத் தொழில் நடத்தும் இடத்தோடு கட்டிவைத்தது, உரிமத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. உறுப்பினர் ஒப்பந்தத்தில் அப்படி வைத்தால், சந்தா பாக்கிக்காக அமைப்பு ஒவ்வொரு உறுப்பினரின் ஊருக்கும் அலைய வேண்டியிருக்கும்.

சில அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளி நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று கையெழுத்திடவே முடியாது, அவர்கள் சட்டமே விடாது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள பொருந்தும் சட்டம், வழக்கிடம் பற்றிய பிரிவையே எடுத்துவிடும் அமைப்புகளும் உண்டு. எடுத்தாலும் நிர்வாகக் குழுத் தேர்தல், ஓட்டுரிமை போன்ற உள்விவகாரங்கள் பெரும்பாலும் பதிவிடத்துச் சட்டத்தின் கீழ்தான் வரும். அதை ஒப்பந்தம் எழுதி நகர்த்துவது கடினம்.

அப்போ 'அதிகார வரம்பு' எங்கே? ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இருக்கும் தகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்க்ளூசிவ் என்று வரும் இடத்தில் 'பிரத்தியேக', 'தனித்த' எதுவும் வேண்டாம், 'இந்த வழக்கிடத்தில் மட்டுமே' என்றாலே முடிந்தது. நான்-எக்ஸ்க்ளூசிவுக்கு 'இந்த வழக்கிடத்திலும்' என்று எழுதிப் பார்த்தேன். அந்த 'உம்' ஒன்றே சட்ட வரைவில் தாங்குமா என்று வழக்கறிஞர் யாராவது சொல்லுங்கள்.