மறு: ‘கமிஷனிங்’ – கொதிகலனுக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். புதிதாகப் பொருத்திய கருவியைச் சோதித்து, சரிசெய்து, பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘கமிஷனிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு வந்த பரிந்துரைகளுக்கு இது பதில்.

> ‘தொடக்கி வைத்தல்’ என்றே சொல்லலாமே. எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். பிரிட்டனில் வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் எரிவாயுக் கொதிகலன் பொருத்துவது என் தொழில். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்க வேண்டி வரும்போதெல்லாம் சரியான சொல் இல்லாமல் தவிக்கிறேன். ‘தொடக்கி வைத்தல்’ என்றால் புதுவீட்டில் பால் காய்ச்சுவது போல, வேலையெல்லாம் முடிந்தபின் நடக்கும் ஒரு சடங்கு என்று ஆகிவிடுகிறது. உண்மையில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

கொதிகலன் சுவரில் ஏறி, குழாயும் மின்சாரமும் இணைத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நடந்தது நிறுவல். அப்புறம் அறைகளைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர்களில் தங்கிய கசடை அலசி வெளியேற்றி, துருத்தடுப்பு மருந்து கலந்து நீர் நிரப்ப வேண்டும். மீட்டர் அருகே அழுத்தமானியைப் பொருத்தி, எரிவாயுக் குழாயில் 20 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, வால்வை மூடி, ஒரு நிமிடம் நிலைப்பட விட்டு, அடுத்த 2 நிமிடம் அளவையே பார்த்திருக்க வேண்டும். புதுக்குழாயில் இறக்கமே தெரியக்கூடாது. அதன்பிறகே குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி எரிவாயுவை உள்ளே விடலாம்.

பற்றவைக்கும் முன் இன்னொன்று. புகையிலுள்ள ஆவி குளிர்ந்து ஒடுங்கி வடியும் நீருக்கென்று கொதிகலனின் அடியில் ஒரு குழாய் வளைவு இருக்கும். அதில் முதலிலேயே நீர் ஊற்றி வைக்க வேண்டும். காய்ந்து கிடந்தால் புகை அந்த வழியாக அறைக்குள் வந்துவிடும்.

எரியத் தொடங்கியபின் வருவதுதான் உயிர்நாடி. பெரும்பாலான புகைபோக்கிகளில் உள்குழாய் வழியே புகை வெளியேறும், அதைச் சூழ்ந்த வெளிக்குழாய் வழியே காற்று உள்ளே வரும். அந்த வரும் காற்றில் பகுப்பாய்வுக் கருவியின் முனையை வைத்துப் பார்க்கிறோம். ஆக்சிஜன் 20.6 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ கார்பன் டை ஆக்சைடு 0.2 விழுக்காட்டைத் தொட்டாலோ, எங்கோ ஓர் இணைப்பு சரியாக அமரவில்லை, புகை திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது என்று பொருள். அடுத்து புகையையே அளக்க வேண்டும். முழு வேகத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 350 பங்குக்குக் கீழும், அதற்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004க்குக் கீழும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, ஆனால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரேடியேட்டர் சூடாகிறது, குழாயில் வெந்நீர் வருகிறது, எல்லாம் சரி என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கும்போதே அது சேர்ந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே குழுவில் வந்த ‘இயக்கி வைத்தல்’ என்ற இரண்டாவது பரிந்துரையையும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ஓடுகிற கொதிகலன் எல்லாம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தைச் சொல்லே விதைக்கக்கூடாது. பிரிட்டனின் 1998 எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 26ஆம் விதி புகைபோக்கி, எரிதலுக்கான காற்று, இயக்க அழுத்தம் அல்லது வெப்ப உள்ளீடு, பாதுகாப்பான இயக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. வெறுமனே இயங்கினால் போதும் என்று விடவில்லை.

> ‘செயலாக்கம்’?

கணினித் துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. ‘பணியமர்த்தல்’ ஆளெடுப்பது. ‘ஆணைப்படுத்தல்’ அகராதியைப் பார்த்துச் செய்தது, வேலையிடத்தில் யார் வாயிலும் வராது.

என் பரிந்துரை ‘சோதித்தியக்கல்’. சோதித்து இயக்குவது என்று பிரித்தாலே செய்முறையின் வரிசை தெரிகிறது. சோதித்தியக்கினார், சோதித்தியக்கப் பதிவேடு, சோதித்தியக்காத கொதிகலன் என்று எல்லா வடிவமும் தடையில்லாமல் வருகின்றன. நீளம் என்று சிலர் சொல்லக்கூடும். ‘கமிஷனிங்’கும் ஐந்தெழுத்துக்குக் குறையவில்லையே.

மின்நிலையத்துக்கு இது பொருந்துமா என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். பொருந்தும். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகில் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில், வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31இல். இடைப்பட்ட காலத்தில் படிப்படியாகத் திறனை ஏற்றிச் சோதித்ததற்கும் இதே சொல்லைச் சொல்லலாம். போர்க்கப்பலுக்கு மட்டும் வேண்டாம், அங்கே ‘கடற்படையில் இணைத்தல்’ நன்றாகவே நிலைத்துவிட்டது.

வேலை முடிந்து வீட்டுக்காரரிடம் இயக்கும் முறையைக் காட்டி, பதிவேட்டைக் கொடுப்பதை இதற்குள் அடக்காமல் ‘ஒப்படைப்பு’ என்று தனியே வைத்துக்கொள்வோம். சோதித்தியக்கியவர் பிரிட்டனின் எரிவாயுப் பணியாளர் பதிவேடான ‘கேஸ் சேஃப்’பில் பதிவு பெற்றவராக இருந்தே ஆக வேண்டும். ஒப்படைக்கும்போது அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்க வீட்டுக்காரர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

மேலே சொன்ன அந்த வளைவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஒடுக்கநீர்ப் பூட்டு’ என்று எழுதி வருகிறேன். ஒடுங்கல் இலங்கைப் பாடநூல் வழக்கு, தமிழ்நாட்டில் ‘ஆவி சுருங்குதல்’ என்று படித்தவர்களுக்கு இது உறுத்துகிறதா?

அன்புடன்,
லண்டனிலிருந்து ஒரு குழு உறுப்பினர்