பால்மாவிலும் பெம்பாவிலும் நேரில் கண்டவை: அனுபவப் பகிர்வு

நெய்தல்:
மொசாம்பிக்கின் வடக்கே, காபோ டெல்காடோ மாகாணத்தில் உள்ள பால்மா நகரைக் கிளர்ச்சியாளர்கள் 2021 மார்ச் 24 அன்று தாக்கியதைப் பற்றி இங்கு எவருக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது மாகாணத் தலைநகரான பெம்பாவில், ஒரு தொண்டு அமைப்பில் இடம்பெயர்ந்தோரைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சீ ஸ்டார் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இறக்கிவிட்டுச் சென்ற பிறகும், பாய்மரப் படகுகளில் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுள் ஒரு முதியவரிடம் அடையாள அட்டையைக் கேட்டேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த கப்புலானா துணியின் ஈர முடிச்சை அவிழ்த்து, நெகிழித் தாளில் பொதிந்த ஒரு காகிதத்தை நீட்டினார். எரிவாயு ஆலைக்காக நிலம் எடுத்தபோது அவருடைய தென்னைகளையும் முந்திரி மரங்களையும் எண்ணிக் குறித்துக் கொடுத்த இழப்பீட்டுத் தாள் அது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டியபின், மீதித் தொகை பெம்பாவில் கிடைக்குமா, அதற்காகப் பால்மாவுக்கே திரும்பிப் போக வேண்டுமா என்று கேட்டார். என் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. என்னிடமும் பதில் இல்லை.

மின்பணியாளர்:
நெய்தல் அம்மா, அந்தப் பெரியவருக்காக நானும் வருந்துகிறேன். ஆயினும் பணம் நின்றதற்குப் போரே காரணம். கிளர்ச்சி தொடங்கிய 2017 அக்டோபரில், பால்மாவுக்குத் தெற்கே மொசிம்போவா ட பிரையாவில் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டபோது ஆலைக்கான இறுதி முதலீட்டு முடிவுகூட எடுக்கப்படவில்லை. அது 2019இல்தான் வந்தது. இந்தப் போருக்குப் பலரும் எரிவாயுவின் மீதே எல்லாப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தாக்குதலின்போது நான் ஆலை அமையும் ஆஃபுங்கி முகாமுக்குள் இருந்தேன். வேலிக்கு வெளியே, கித்துண்டா மறுகுடியேற்றக் கிராமத்துப் பக்கம், பாய்களைச் சுருட்டித் தலையில் வைத்தபடி குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். ஒரு சிறுமி கம்பி வழியாகக் காலித் தண்ணீர்க் குப்பியை நீட்டினாள். நிரப்பிக் கொடுத்தேன். அதை அவள் குடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கொண்டு போனாள். அந்தக் குப்பி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

கரையோரன்:
மின்பணியாளர் ஐயா, தேதிக் கணக்கு சரிதான். ஆனால் 2010இல் அந்தக் கரையை ஒட்டிய கடலடியில், ரூவுமா படுகையில் எரிவாயு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே அந்தக் கடலோர இளைஞர்கள் வேலையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அது வெளியூர்க்காரர்களுக்கே போயிற்று என்ற குமுறலைப் பெம்பாச் சந்தையில் யாரிடம் பேசினாலும் கேட்கலாம். கடலை நம்பி வாழ்ந்த மீனவர்களைக் கரையிலிருந்து உள்ளே தள்ளிக் குடியேற்றியதைப் போரின் கணக்கில் எழுத முடியாது.

என் அனுபவம் சிறியது. கிளர்ச்சியாளர்களை விரட்ட ருவாண்டாப் படையினர் வந்த பிறகு பால்மாவுக்குப் போனேன். சந்தையில் புதுத் தகரக் கூரைக்கு அடியில், கரி படிந்த பழைய தூணிலேயே தராசைத் தொங்கவிட்டு ஒரு பெண் மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது அங்கு வேலைக்குப் போக நினைக்கும் தம்பிகளுக்குச் சில சொற்கள். போரால் பணியைத் தொடர இயலாது என்று ஆலையை நடத்தும் டோட்டல்எனர்ஜீஸ் நிறுவனத்தார் 2021 ஏப்ரலில் அறிவித்த தடைநிலையை (force majeure) 2025 நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். எனவே ஆள் சேர்ப்பு மீண்டும் சூடுபிடிக்கும். இந்த எரிவாயுத் திட்டத்தில் மூன்று இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சேர்த்து 30 விழுக்காடு பங்கு இருப்பதால், நம் ஊர் முகவர்களும் அழைப்பார்கள். தங்குமிடம் வேலிக்கு உள்ளேயா, ஊருக்குள்ளேயா என்பதை முதலில் கேளுங்கள். 2021இல் பால்மா ஊருக்குள் இருந்த அமருலா விடுதியில் சிக்கியவர்களில் துணை ஒப்பந்தப் பணியாளர்களும் இருந்தார்கள். மார்ச் 26 அன்று அங்கிருந்து வாகனங்களில் தப்பிக்க முயன்றோர் வழியிலேயே தாக்கப்பட்டார்கள். ஆபத்து வந்தால் உங்களை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டில், போரால் நேரும் இழப்புக்கு ஈடு இல்லை என்னும் போர் விலக்குப் பிரிவு உண்டா என்று பாருங்கள். தாக்குதலின்போது கைப்பேசித் தொடர்பு அறுந்துபோனது. ஆகவே நிறுவனம் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.