எங்க சாஸ்தா (குலசாமி) யாருன்னே தெரியல, பிரசன்னம் பாத்தா உருப்படியா தெரிய வருமா?

அம்பை மருமவ:
எல்லாருக்கும் வணக்கம். நான் வாக்கப்பட்டு வந்தது அம்பாசமுத்திரம் பக்கம். பங்குனி உத்திரம் வந்தா தெருவே காலியாயிரும், அவங்கவங்க சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடிச்சு போயிருவாவ, எங்க வீட்ல மட்டும் எங்க போறதுன்னு தெரியாம இருக்கோம். மாமாவோட அப்பா மணிமுத்தாறு அணை கட்டும்போது கிழக்க இருந்து வேலைக்கு வந்தவராம், அதுக்கு மேல வெவரம் சொல்ல ஆள் இல்ல. பிள்ளைக்கு முடி எடுக்கணும், காது குத்தணும், எந்த சன்னதில வச்சு செய்ய? போன மாசம் ஒருத்தர்கிட்ட சோழி போட்டுப் பாத்தோம், உக்காந்ததும் கடன், உடம்புன்னு எங்கயோ போயி செய்வினை இருக்கு எடுக்கணும்னு பெரிய தொகையா சொன்னாரு, கடைசி வரைக்கும் சாமி பேரே வரல. இப்ப அத்தை வெத்தலை பிரசன்னம் பாக்கலாங்காவ. போறதுக்கு முன்னாடி என்னத்த தெரிஞ்சு வச்சுக்கணும், நல்லவங்கள எப்படி அடையாளம் காண?

பாளை அண்ணாச்சி:
ஒரு கேள்வியோட மட்டும் போங்கம்மா. பிரசன்னம்ங்கிறது நாம கேக்குற நேரத்த வச்சுப் போடுற கணக்கு, அதுக்கு ஜாதகமே வேண்டாம், அதனால நாலு விஷயத்த சேத்துக் கேட்டா பதிலும் நாலு பக்கம் இழுத்துட்டுப் போவும். "எங்க குலசாமி எது, எந்தத் திசையில இருக்கு" அவ்வளவுதான் கேள்வி. உங்க அத்தை சொன்ன வெத்தலை பிரசன்னத்துல நீங்க கொண்டுபோற வெத்தலைய எண்ணி லக்னம் எடுப்பாவ, முதல் 12 வெத்தலைய 12 பாவத்துக்கு, அதாவது ராசிக் கட்டத்துல உள்ள 12 வீட்டுக்கு வச்சு கிழிசல், வாடல், ஓட்டை எல்லாம் பாத்து பலன் சொல்லுவாவ, அதனால வெத்தலைய கடையில எடுத்துத் தந்தபடியே கொண்டுபோங்க, நல்லதா பொறுக்கி அடுக்கக் கூடாது. இன்னொண்ணு, வீட்டுக் கதைய நீங்களா எடுத்து விடாதீங்க, வாய விட்டுட்டா நாம சொன்னதையே திருப்பிச் சொல்லுதாரா அவரா பாத்துச் சொல்லுதாரான்னு பிறகு பிரிக்கவே முடியாது. தேடிப் பாக்க முடியுற மாதிரி அடையாளம் சொல்லணும், ஆண் தெய்வமா பெண் தெய்வமா, கரையோரமா காட்டுக்குள்ளயா, கூட யார் யாரு நிக்காவ, இப்படி. பரிகாரத்துக்கு அங்கனயே பணம் கேட்டா தட்சிணைய வச்சுட்டு கும்பிட்டு எந்திரிச்சிருங்க, அன்னைக்கு நீங்க எந்திரிச்சு வந்திருந்தா அது ரொம்ப சரி.

தேரிக்காட்டான்:
எக்கா, பிரசன்னத்துக்கு முன்னாடி வீட்டத் துழாவுங்க. எங்க பக்கம் மூத்த பையனுக்கு சாமி பேரத்தான் வைப்பாவ, உங்க மாமா வழியில தாத்தா, தாத்தாவோட அண்ணன் தம்பி பேரெல்லாம் என்னன்னு கேளுங்க. சுடலைமுத்து, இசக்கி, சொரிமுத்து, கற்குவேல், இப்படி ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்தா பாதி விடை அதுலயே கிடக்கு. பழைய மொய் நோட்டு இருக்கான்னு பாருங்க, எந்த ஊர்க்காரன் வந்து எழுதியிருக்கான்னு தெரியும். பத்திரம் இருந்தா இன்னும் நல்லது, ஆனா 1986-க்கு முன்னாடி தூத்துக்குடி தனி மாவட்டம் கிடையாது, கிழக்குள்ள ஊரெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்னுதான் போட்டிருக்கும், அதனால தாலுகா பேரையும் கிராமத்தையும் பாருங்க. ஊர் தெரிஞ்சா அங்க கோயில்ல கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்கிற பெரியாட்கள் இருப்பாவ, எந்த எந்தக் குடும்பம் வரி குடுத்துச்சு, யாரு வெளியூர் போனாவன்னு அவங்களுக்கு அத்துபடி.

அம்பை மருமவ:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி தம்பி. இப்பத்தான் அத்தைகிட்ட கேட்டேன், மாமாவோட பெரியப்பா பேரு கற்குவேலாம்!! இத்தன வருசத்துல இத யாரும் சேத்து யோசிக்கவே இல்ல. அப்ப தூத்துக்குடி மாவட்டத்து தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார்தானா? நேரா போயிரலாமா?

தேரிக்காட்டான்:
இருக்கலாம்க்கா, ஆனா ஒரு பேர வச்சு முடிவு பண்ணாதீங்க. அம்மா வழி சாமி பேரையும் பிள்ளைக்கு வைப்பாவ, பக்கத்துலயே மேலப்புதுக்குடில அருஞ்சுனை காத்த அய்யனாரும் இருக்காரு. மொதல்ல ஊரு எதுன்னு பாருங்க.

கல்லிடை கோமதி:
அம்மா, அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, இதையும் சேத்துக்கோங்க. பேரும் ஊரும் ஒத்து வந்த பிறகு அந்தக் கோயில்லயே பூ கட்டிப் பாருங்க, சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், எதுக்கு என்ன அர்த்தம்னு போடுறதுக்கு முன்னாடியே மனசுல சொல்லிரணும், பிறகு வெவரம் தெரியாத சின்னப் பிள்ளையக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லணும். வேண்டியது வரலன்னு மறுபடி மறுபடி போடக் கூடாது, அது சாமிகிட்ட கேக்குறதே இல்ல. எனக்கு சோழிய விட, வெத்தலைய விட இதுலதான் நம்பிக்கை அதிகம், இடையில காசு வாங்குற ஆளு யாரும் கிடையாது பாருங்க. கொடைக்குப் போனா கோமரத்தாடிகிட்டயும், அதாவது சாமி ஆடுறவர்கிட்டயும், கேளுங்க, ஆனா அருள் இறங்குற நேரத்துல கூட்டம் நெருக்கும், சத்தத்துல பாதி வார்த்தை காதுல விழாது, வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு திருநீறு போடும்போது சொல்றத அப்படியே மனசுல வாங்கணும்.

பிள்ளைக்கு முடி தள்ளிப் போவுதேன்னு கலங்காதீங்க. சாஸ்தா தெரியாதவங்க சொரிமுத்து அய்யனாருக்கு செய்யிறது நம்ம பக்கம் காலங்காலமா உள்ள வழக்கம், அவருதான் ஆதி சாஸ்தா. உங்களுக்கு பாபநாசத்துல இருந்து காரையார் ரோட்ட பிடிச்சா பக்கந்தான். புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கதால செக்போஸ்ட்ல நிப்பாட்டுவாவ, பிளாஸ்டிக் பையில பூச சாமான் வாங்காம துணிப்பையில எடுத்துட்டுப் போங்க, ஆடி அமாவாசை கூட்டத்துல மட்டும் கைப்பிள்ளையோட போயிராதீங்க.